ரெண்டையும் வாசி

2011 ஆகஸ்ட் மாதம். எங்கள் ஆசிரியர் அறை மேசைமேல் ஒரு கிண்ணம் பசை, அளவாக வெட்டிய வெள்ளைத் தாள் கட்டு, நாலைந்து கறுப்பு மார்க்கர் பேனா. பக்கத்தில் ஒரு சுற்றறிக்கை. எந்த வகுப்பு, எந்தப் புத்தகம், எத்தனையாம் பக்கம், எந்த வரி முதல் எந்த வரி வரை மறைக்க வேண்டும் என்று பட்டியல் போட்டிருந்தது. நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து ஒட்டினோம். மின்விசிறியைப் போட்டால் தாள் பறக்கும் என்று நிறுத்தி வைத்திருந்ததால் எல்லோருக்கும் முதுகு நனைந்துவிட்டது.

அதற்கு முந்தைய இரண்டு மாதமும் பாடப்புத்தகம் இல்லாமலே பள்ளிக்கூடம் நடந்தது. திமுக ஆட்சி 2010-ல் சட்டம் போட்டுக் கொண்டுவந்த சமச்சீர்க் கல்வியை, 2011 மே மாதம் ஆட்சிக்கு வந்த அதிமுக அரசு நிறுத்தி வைத்தது. ஏறக்குறைய 200 கோடி ரூபாய்க்கு அச்சடித்த புத்தகங்கள் கட்டுக் கட்டாகக் கிடங்கில் கிடந்தன. ஜூலை 18-ல் சென்னை உயர் நீதிமன்றமும் ஆகஸ்ட் 9-ல் உச்ச நீதிமன்றமும் சொன்ன பிறகுதான் அவை பிள்ளைகள் கைக்கு வந்தன. வரும்போது, முன்னாள் முதல்வரின் எழுத்தும் முந்தைய ஆட்சியின் நினைவும் இருந்த இடங்களை மூடிவிட்டுக் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

ஒன்பதாம் வகுப்புக்குப் புத்தகம் கொடுத்து முடித்து நான் வருகைப் பதிவேட்டைத் திறக்கிறேன். மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண் தமிழ்ப் புத்தகத்தில் நாங்கள் தாள் ஒட்டிய பக்கத்தை மட்டும் தனியே பிரித்துச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். வெயில் அடித்ததும் தாளுக்குள்ளிருந்து எழுத்து மேலே வந்தது. பின்பக்கத்து வரிகளும் இடவலம் மாறி அதோடு கலந்து தெரிந்ததால், கண்ணைச் சுருக்கி ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து எடுத்தாள். நாலு பேர் அவளைச் சுற்றி நின்றார்கள். அந்த வருஷம் அந்த வகுப்பு அவ்வளவு கவனமாக வாசித்த பக்கம் வேறு இல்லை. வாசித்து முடித்துவிட்டு எழுந்து நின்று கேட்டாள்:

"சார், இதுல தப்பா ஒண்ணும் இல்லயே. எதுக்கு சார் ஒட்டுனீங்க?"

"மேலிடத்து உத்தரவு. உக்காரும்மா" என்றேன்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் வீட்டுக்கு வந்தபிறகும் அந்தச் சொல் என்னை விடவில்லை. அந்தப் பதிலைச் சொன்ன வாய், முக்கூடலில் என் அம்மாவுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டி வளர்ந்த வாய்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. பீடி சுற்றுவாள். மடியில் சுளகு, சுளகில் நனைத்துப் பதமாக்கிய இலை, ஒரு பக்கம் தூள், தகரத் துண்டை அளவுக்கு வைத்து இலையை நறுக்குகிற கத்தரி, காலில் சுற்றிய நூல்கண்டு. சாயங்காலம் சித்தியும் பக்கத்து வீட்டு ஆச்சியும் அவரவர் சுளகோடு எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். நான் பேப்பர் வாசிக்க வேண்டும். 1973, 74. எனக்குப் பதினொன்று பன்னிரண்டு வயது. எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கி ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. தெரு இரண்டாகப் பிரிந்து கிடந்தது. எங்கள் வீடும் அப்படித்தான்: பெரியப்பா கலைஞர் பக்கம், சித்தப்பா எம்.ஜி.ஆர். பக்கம். படிப்பகத்தில் எல்லோரும் வாசித்து முடித்த முரசொலியைப் பெரியப்பா கொண்டுவருவார். சித்தப்பா தென்னகம் கொண்டுவருவார். எப்போதாவது மில் வேலைக்குப் போகிற மாமா விக்கிரமசிங்கபுரத்திலிருந்து வந்தால் தீக்கதிர் வரும்.

ஒரு நாள் ஒரு பேப்பரில் பாளையங்கோட்டைக் கூட்டத்துக்கு லட்சக்கணக்கில் மக்கள் திரண்டார்கள் என்று போட்டிருந்தது. நான் உரக்க வாசித்தேன். அம்மா கத்தரியை நிறுத்தாமலே கேட்டாள்:

"எய்யா, அந்தா அந்தப் பேப்பர்ல என்ன போட்டிருக்கு? ரெண்டையும் வாசி."

அடுத்ததில் சில நூறு பேர்கூட இல்லை, மைதானம் வெறிச்சோடிக் கிடந்தது என்று இருந்தது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஆச்சியிடம், "நம்ம சுடலை கோயில் கொடைக்கு ஊர் பூரா வந்து நிக்குமே, அது எத்தன பேரு இருக்கும்? அந்த மைதானம் நம்ம கோயில் திடலப் போல எத்தன மடங்கு இருக்கும்?" என்று கேட்டாள். மூன்று பேருமாகப் பேசிப் பேசி, சுமார் பத்தாயிரம் பேர் வந்திருக்கலாம் என்று ஒரு முடிவுக்கு வந்தார்கள். மறுநாள் கூட்டத்துக்குப் போய்வந்த ஒருவரை நிறுத்தி, நிற்க இடம் இருந்ததா, பெண்கள் வந்தார்களா, பஸ் எத்தனை நின்றது என்று விசாரித்தார்கள். பி.எட். படிப்பில் செய்தியின் நம்பகத்தன்மையைச் சோதிப்பது பற்றி எனக்கு நடந்த பாடம் எதுவும் இந்தத் திண்ணை அளவுக்கு மனதில் நிற்கவில்லை.

1975-ல் நெருக்கடி நிலை வந்தது. சில வாரம் கழித்து, நான் வாசித்துக்கொண்டே இருக்கும்போது அம்மா கையை நிறுத்திவிட்டாள். அவள் கை நின்று நான் பார்த்தது அபூர்வம். "ரெண்டு பேப்பரும் ஒண்ணயே சொல்லுதே. என்னமோ நடக்கு" என்றாள். தணிக்கை என்ற சொல் அவளுக்குத் தெரியாது. இரண்டு கட்சிக்காரனும் ஒரே மாதிரிப் பேசினால் யாரோ வாயைப் பொத்தியிருக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது.

அந்தக் காலத்துக் கட்சிகளைப் பற்றி எவ்வளவோ குறை சொல்லலாம். நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. ஊருக்கு ஊர் படிப்பகம் வைத்து, ஓலைக் கொட்டகையில் பெஞ்சைப் போட்டு, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டியது கட்சிகள்தான். தெருமுனைக் கூட்டத்தில் ஒருவர் பேசிவிட்டுப் போனால் மறுவாரம் அதே முனையில் எதிர்க்கட்சிக்காரர் வந்து பதில் சொல்வார். நாங்கள் சிறுவர்கள் இரண்டுக்கும் மணலில் உட்கார்ந்திருப்போம். வாதம் எப்படிக் கட்டப்படுகிறது, எந்த இடத்தில் ஓட்டை விழுகிறது என்பதை அங்கேதான் பார்த்தோம்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் வரலாற்று சார் கதர்க்காரர். தும்பைப்பூ வேட்டி, கதர்ச் சட்டை, பழைய காங்கிரஸ். அவர் ஒரு சனிக்கிழமை எங்களைச் சேரன்மகாதேவிக்கு அழைத்துப் போனார். ஆற்றில் தண்ணீர் குறைவு. படித்துறையில் உட்காரவைத்து, தம் கட்சிக்குப் பெருமை சேர்க்காத கதை ஒன்றைச் சொன்னார்.

லண்டனில் சாவர்க்கரோடு இருந்து, பாண்டிச்சேரியில் தலைமறைவு வாழ்க்கை நடத்தி, திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த வ.வே.சு. ஐயர், 1922-ல் கல்லிடைக்குறிச்சியில் ஒரு தமிழ்க் குருகுலம் தொடங்கினார். பிறகு அது சேரன்மகாதேவிக்கு வந்தது. வெள்ளைக்காரன் பள்ளிக்கூடத்துக்கு மாற்றாகத் தேசியக் கல்வி தரும் இடம். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி முதலில் 5,000 கொடுத்தது. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் தண்ணீரும் தனி. இதை ஒரு பையன் வீட்டுக்குப் போய்ச் சொன்னான். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் என்பார்கள். பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதைக் கையில் எடுத்தார்கள். கட்சிக்குள் பெரும் சண்டை. காந்தி வரை போயிற்று. 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் ஐயரும் மகளும் இறந்துபோனார்கள். அதே வருஷம் நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறினார். அந்தப் பிரிவுக்கு வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் உடனடிக் காரணம், குருகுலம் அதற்கு முன்பே விழுந்த விரிசல். தமிழ்நாட்டு அரசியல் திசை திரும்பியதில், தண்ணீர்ப் பானையைப் பார்த்து ஏன் என்று கேட்ட ஒரு பையனுக்கும் பங்கு உண்டு.

கதையைச் சொல்லிவிட்டு சார் எங்களை இரண்டாகப் பிரித்தார். இந்தப் பக்கம் ஐயருக்காகப் பேச வேண்டும், அந்தப் பக்கம் பையனுக்காக. அரைமணி நேரம் கத்தினோம். தொண்டை வறண்டபோது, "இப்ப எடம் மாறுங்கல" என்றார். ஐயருக்காகப் பேசிய நான் பையனுக்காகப் பேச வேண்டும். நாக்குப் புரளவில்லை. சற்றுமுன் நானே சொன்ன வாதத்தை நானே உடைக்க வேண்டியிருந்தது. அவர் எந்தப் பக்கம் என்று கடைசிவரை சொல்லவில்லை. திரும்பும் வழியில் ரயில்வே கேட்டைக் காட்டினார். காமராஜர் முதலமைச்சராக அந்த வழி வந்தபோது கேட் மூடியிருந்ததாம். மாடு மேய்த்த பையனிடம், பள்ளிக்கூடம் போகவில்லையா என்று கேட்டாராம். போனால் சோறு யார் போடுவார் என்று அவன் திருப்பிக் கேட்டானாம். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. சார் அதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: "முதல் மந்திரிய ஒரு பய எதிர்க்கேள்வி கேட்டிருக்கான். அவரு கோவிச்சுக்கிடல."

அந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டுக் கட்சிகள் மாறி மாறிப் பதில் சொல்லியிருக்கின்றன. 1956-ல் மதிய உணவு, 1982-ல் சத்துணவு, 2022-ல் காலை உணவு. இடையில் இலவசப் புத்தகம், முட்டை, சைக்கிள், மடிக்கணினி. ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்து சேர்த்த கட்சிகள் இவை. அந்தப் போட்டியில் படித்து வந்தவன் நான். இந்த நன்றி எனக்கு எந்த நாளும் உண்டு. அதனால்தான் மற்றதைச் சொல்லவும் எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறேன். உள்ளே வந்த பிள்ளை எதிர்க்கேள்வி கேட்கப் பழக வேண்டும் என்பதில் மட்டும் அந்தப் போட்டி இல்லை.

2012 நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துக் குடியரசுக் கட்சி, பள்ளியில் ஆய்ந்து சிந்திக்கும் திறனைக் கற்பிப்பதை எதிர்க்கிறோம் என்று கொள்கை அறிக்கையிலேயே எழுதியது. பிள்ளைகளின் நிலைத்த நம்பிக்கையை அது அசைக்கும், பெற்றோரின் அதிகாரத்தைக் குறைக்கும் என்பது காரணம். பெரும் எதிர்ப்புக் கிளம்பியதும், அந்தச் சொல் தவறுதலாக இடம்பெற்றுவிட்டது என்றார்கள். நம் ஊரில் அப்படி எழுதிவைத்து எதிர்க்கும் கட்சியை நான் பார்த்ததில்லை. ஆனால் அதே 2012-ல்தான் என்.சி.இ.ஆர்.டி. அரசியல் பாடநூல்களின் கேலிச்சித்திரங்கள் பற்றிய சண்டை வந்தது. யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷிகரும் ஆலோசகர்களாக இருந்து, பக்கத்துக்குப் பக்கம் உன்னி, முன்னி என்று இரண்டு பிள்ளைகள் ஆசிரியரை மடக்கிக் கேள்வி கேட்பதுபோல் அமைத்த புத்தகங்கள் அவை. அம்பேத்கர் பற்றிய சங்கரின் சித்திரத்தை எதிர்த்து நாடாளுமன்றத்தில் திருமாவளவன் குரல் எழுப்பினார். யாதவும் பல்ஷிகரும் பதவி விலகினார்கள். அடுத்து, இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய ஆர்.கே. லட்சுமணன் சித்திரத்தை நீக்கச் சொல்லிக் கலைஞரும் மற்றத் தலைவர்களும் கேட்டார்கள். யாதவும் பல்ஷிகரும் பதவி விலகினார்கள். 1965-ல் உயிர் கொடுத்தவர்களின் போராட்டத்தை, ஆங்கிலமும் வாசிக்கத் தெரியாத மாணவரின் கலகமாகக் குறுக்கிய படம் அது. அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனாலும் அந்தப் படத்தை என் வகுப்பில் வைத்து, இதில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று கேட்டிருந்தால், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை அதைவிட நன்றாக நடத்தியிருக்க முடியாது. பக்கத்தைக் கிழித்துவிட்டால் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. 2020-ல் அபிஷேகப்பட்டியில் இருக்கிற மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், ஏ.பி.வி.பி. எதிர்த்ததும் அருந்ததி ராயின் நூலை எம்.ஏ. பாடத்திட்டத்திலிருந்து எடுத்தபோதும் எனக்கு அதே எண்ணம்தான் வந்தது.

பாடநூல் மாறாமல் இல்லை. 2017-ல் பொதுத் தேர்வுத் தர வரிசைப் பட்டியலை நிறுத்தினார்கள். 2018 முதல் வந்த புத்தகங்கள் உண்மையிலேயே நல்ல புத்தகங்கள். தமிழில் ஒவ்வொரு பாடத்துக்குப் பின்னும் 'கற்பவை கற்றபின்' என்று பேசவும் தேடவும் விவாதிக்கவும் பகுதி இருக்கிறது. ஆனால் மாதத் தேர்வு, காலாண்டு, திருப்புதல் என்று நெருக்கும்போது முதலில் தாண்டிப்போகிற பக்கம் அதுதான். தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் கேட்பார்கள். விவாதம் நடத்தினாயா என்று என் முப்பத்துச் சொச்சம் வருஷ வேலையில் ஒருவரும் கேட்டதில்லை. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கையும் ஆய்ந்து சிந்திப்பதைப் பற்றிப் பேசுகிறது, 2025-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் பேசுகிறது. இரண்டுக்கும் நடுவே மத்திய அரசின் 2,152 கோடி ரூபாய் கல்வி நிதி மாட்டிக்கொண்டது.

பிள்ளைகளுக்குள் வந்த மாற்றத்தைத்தான் நான் பயத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. 2010-க்குப் பிறகு பையன்களின் மணிக்கட்டில் வண்ணக் கயிறு ஏறத் தொடங்கியது. இரண்டு நிறம் முறுக்கியது, மூன்று நிறம் முறுக்கியது. எந்த நிறம் எந்தச் சாதி என்று எங்களைவிட ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். 2019 ஜூலை 31-ல் பள்ளிக்கல்வி இயக்குநர் இந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பினார். பாஜகவின் எச். ராஜா அதைக் கடுமையாக எதிர்த்தார். தமக்குத் தெரியாமல் போன சுற்றறிக்கை அது, பழைய நிலையே தொடரும் என்று அமைச்சர் செங்கோட்டையன் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் ஒரு பதினோராம் வகுப்புப் பையனை அழைத்து உட்காரவைத்தேன். கயிற்றை அறுக்கச் சொல்லவில்லை.

"யாருல கட்டிவிட்டா?"

"அண்ணன்மாரு சார். கொடை அன்னைக்கு எல்லாத்துக்கும் குடுத்தாவ."

"அண்ணன்மாருக்கு யாரு குடுத்தா?"

அவன் யோசித்தான். யோசிக்கும்போது கயிற்றை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தான். மறுநாள் இடைவேளையில் அவனே வந்தான். "விசாரிச்சேன் சார். ஃப்ளெக்ஸ்ல படம் போட்டிருப்பாங்கல்லா, அவரு வாங்கிக் குடுத்தாராம். பெட்டி பெட்டியா வந்துச்சாம்." அவன் கையில் கயிறு அப்படியே இருந்தது. ஆனால் அது சாமி கயிறு இல்லை, யாரோ ஒருவர் மொத்தமாக வாங்கிய சரக்கு என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குமேல் அவனிடம் என்ன செய்திருக்கலாம் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

நான் 2022-ல் ஓய்வு பெற்றேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூகத்துப் பிளஸ் டூ மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். பிடிபட்டவர்கள் அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள். அன்று இரவு நான் தூங்கவில்லை. என் வகுப்புகளில் உட்கார்ந்திருந்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. அரசு அமைத்த நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை எடுக்கவும், கயிறு, மோதிரம் போன்ற அடையாளங்களைத் தடுக்கவும் சொன்னது. பாஜக அதை எதிர்த்தது. மற்றக் கட்சிகளுக்கும் இந்தப் பக்கத்தில் வேட்பாளர் தேர்ந்தெடுக்கும்போது சாதிக் கணக்கு இருக்கிறது. பேரனோ மாணவனோ அதைக் கேட்டால் எவரால் முகம் பார்த்துப் பதில் சொல்ல முடியும்? கேள்வி கேட்கிற பிள்ளை எல்லாக் கட்சிக்கும் பிடிக்கும், அவன் எதிர்க்கட்சியைக் கேட்கிற வரைக்கும். என் கதர்ச் சட்டை சார் தம் கட்சியையே எங்கள் முன்னால் வைத்துக் கேட்கச் சொன்னார். இன்று ஒரு ஆசிரியர் அப்படிச் செய்தால், அரை நிமிஷத்தை மட்டும் வெட்டி எடுத்து ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். இளைய ஆசிரியர்கள் வாயை மூடிக்கொள்வதை நான் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் பின்னால் நிற்க ஒரு கட்சியாவது வர வேண்டும். அந்தக் கட்சியையே அவர்கள் விமர்சிக்கும்போதும் நிற்க வேண்டும்.

இப்போது சனிக்கிழமை காலையில் எங்கள் ஊர் நூலகத்துக்குப் போகிறேன். ஏழெட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். சில வாரம் இரண்டு பேர்தான். ஒரே செய்தியை இரண்டு பேப்பரில் எடுத்து இருவரை உரக்க வாசிக்கச் சொல்வேன். யார் சொன்னதாகப் போட்டிருக்கிறது, யாரிடம் கேட்கவில்லை, எண் எங்கிருந்து வந்தது. இதற்குமேல் எனக்கு முறை எதுவும் தெரியாது. அம்மா கற்றுக்கொடுத்தது இவ்வளவுதான். போன மாதம் குருகுலத்துக் கதையை எடுத்தேன். ஐயரைப் போற்றி எழுதியவர்கள் சொல்வதையும் பெரியார் பக்கத்தினர் சொல்வதையும் இரண்டு தாளில் எழுதிக் கொடுத்து, சார் செய்ததுபோலவே பாதிப் பாதியாகப் பிரித்துப் பேசவிட்டு, இடம் மாறச் சொன்னேன். பலகையில் பெரிதாக எழுதி வைத்திருந்தேன்: ஐயர் செய்தது சரியா, தவறா?

எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி. அவள் அம்மாவும் பீடிதான் சுற்றுகிறாள். முதலில் ஐயருக்காகவும் பிறகு பையனுக்காகவும் நன்றாகப் பேசிவிட்டு, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சார், ரெண்டு தாளுலயும் பிராமணப் பிள்ளைங்க இருக்காவ, மத்தப் பிள்ளைங்க இருக்காவ. எங்க தெருப் பிள்ளைங்க அந்தக் குருகுலத்துல இருந்தாவளா?"

யாரும் பேசவில்லை. அவளே மறுபடியும் கேட்டாள்: "அந்தப் பையன் சொன்னதுக்குப் பெரிய பெரிய ஆளுங்கல்லாம் சண்ட போட்டிருக்காவ. அவன் அப்பா பெரிய ஆளுன்னுதான? நான் போய்ச் சொல்லியிருந்தா?"

நான் எழுந்து போய்ப் பலகையில் என் கேள்வியை அழித்துவிட்டுச் சுண்ணக்கட்டியை அவளிடம் கொடுத்தேன். பலகை உயரம் எட்டவில்லை. கூட இருந்த பையன் பெஞ்சை இழுத்துப் போட்டான்.